ஏழு காட்டாத மீட்டர்

— மீட்டர் பொட்டிக்குள்ள ஒரு கோளாறும் இல்ல, பலவேசம் அண்ணாச்சி. ஒயரும் நல்லாத்தான் இருக்கு.

— அப்பம் ஏன், குருபிரசாத் சார், நாலரையிலயே நிக்குது? காலையிலேருந்து சங்கு ஊதுது. கழிவுத் தண்ணி வால்வு தானா மூடிக்கிட்டு. பிளாண்டே நின்னு போச்சு.

— அது அப்படித்தான். ஏழுன்னா நல்ல தண்ணி. குறையக் குறைய அமிலம். அமிலம்னு மீட்டர் சொல்லிட்டா, ஆத்துக்குப் போற வழிய அடைச்சிரும்.

— மத்தியானத்துக்குள்ள ஏழு காட்டணும், இல்லன்னா நாளையிலேருந்து வராதலேன்னுட்டாரு மேனேஜரு. எத்தன வருசமா காண்ட்ராக்ட்டுல கெடக்கேன் சார். இந்தச் சித்திரையிலதான் நிரந்தரம் ஆக்குதோம்னாவ.

— செத்தப் பொறுங்க, பாத்துருவோம். இனி மிச்சம் புரோப்புதான், தண்ணிக்குள்ள முங்கிக் கெடக்குத குச்சி. தொட்டி மூடியத் திறங்க.

— அது... தொட்டியில இல்ல சார்.

— பின்ன எங்கன இருக்கு?

— இந்தா, சாக்குக்குப் பின்னால. வாளிக்குள்ள.

— என்ன அண்ணாச்சி இது?

— சுண்ணாம்பு போட்டாத்தான சார் அமிலம் அடங்கும்? அத வாங்குதத நிறுத்தி மாசக்கணக்காச்சு. வாளியில நல்ல தண்ணி ஊத்தி, குச்சிய அதுல போடுன்னாரு மேனேஜரு. போட்டேன். நான் மாட்டேன்னா இன்னொருத்தன் போடுவான். நம்ம கையில என்ன இருக்கு?

— அப்போ கழிவு அப்படியே ஆத்துக்குப் போகுது.

— போகுது. அதிகாரி வந்தா மீட்டர்ல ஏழப் பாப்பாவ, காப்பியக் குடிப்பாவ, போயிருவாவ. எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு. நீங்க வெளிய சொல்லிராதிய சார்.

— எங்க சொல்ல? சொன்னா எங்க மீட்டர் கம்பெனி என்னையத்தான் வீட்டுக்கு அனுப்பும். நான் எதையும் பாக்கலன்னு வச்சுக்கிடுதேன். இந்தச் சீசால ஏழு உள்ள கரைசல் இருக்கு. குச்சிய இதுல முக்குங்க.

— ஏழு. கரெக்ட்டா ஏழு காட்டுது சார்.

— இது நாலு உள்ளது. இதுலயும் முக்குங்க.

— நாலு.

— குச்சியிலயும் பழுதில்ல. வாளியில அமிலம் ஏதும் சிந்திருக்குமோ?

— இல்ல சார். காலையில நாந்தான் தேச்சுக் கழுவி, புதுத் தண்ணி ஊத்துனேன். ஊத்துன பொறவுதான் சங்கே ஊதுச்சு.

— அந்தத் தண்ணி மிச்சம் இருக்கா?

— இந்தக் கேன்ல கொஞ்சம் கெடக்கு.

— அதுல நேரா முக்குங்க, பாப்போம்.

— நாலரை. இதுலயும் அதே நாலரைதான் சார்.

— மீட்டர் உள்ளதத்தான் சொல்லுது அண்ணாச்சி. தண்ணிதான் கெட்டுக் கெடக்கு. இது பிளாண்ட் போர் தண்ணியா?

— போர் தண்ணி உப்புல்லா சார், ஒம்பதுல போய் நிக்கும். ஏழுக்கு மேல ரொம்ப ஏறுனாலும் சங்கு ஊதிரும்.

— அப்போ எங்கன எடுத்தது?

— வீட்டுல. ஆறு வத்திட்டுன்னு இன்னைக்கு எம் பொஞ்சாதி பொன்செல்வி மணல்ல ஊத்துத் தோண்டி எடுத்துட்டு வந்தது. இந்தக் கேன ரொப்பிட்டு, குடத்துல மிச்சம் இருந்தத அடுப்புல வச்சிருக்கா, பிள்ளைக்குப் பால் மாவு கரைக்க.