கைவிடப்பட்ட பயில்வான் பட்டம்

திருத்துறைப்பூண்டியிலிருந்து நாகப்பட்டினம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெரியவர் பக்கத்திலிருந்த கடைக்கார பாயிடம் அலுப்போடு சொன்னார்:

"கடைசி வரைக்கும் என்னை யாரும் தோற்கடிக்கலைங்க பாய். போட்டியையே நிறுத்திட்டாங்க, பட்டம்தான் இல்லாமப் போச்சு."

"குஸ்திப் போட்டியை ஏன் நிறுத்தினாங்க?"

"நடத்தினது எங்க ஊர் மிராசுதாருங்க. அந்த வருஷம் கூலியைக் கூட்டிக் கேட்டு ஆளுங்க அறுப்புக்கு இறங்கலை. 'நீ பயில்வானாச்சே, நாலு பேரை அடிச்சு வயல்ல இறக்கு'ன்னார்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"வரப்புல முன்னால உட்கார்ந்திருந்தது எங்க அண்ணன். பட்டத்து பெல்ட்டை மிராசுதார் வாசல்ல வச்சிட்டு, நானும் அண்ணன் பக்கத்துல போய் உட்கார்ந்துட்டேன். அதோட போட்டியே நின்னுபோச்சு."

"வருத்தமா இல்லையா?"

"இல்லாம இருக்குமா? எனக்குத் தெரிஞ்சது குஸ்தி ஒண்ணுதானே" என்றவர், ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.