ஒலிபெருக்கிக் காந்தம்

குத்தாலத்துக் காவேரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகூடச் சத்தியம் செய்வேன், இன்ஸ்பெக்டர் ஐயா. நான் சொல்வதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மைக்செட் குஞ்சிதபாதம் என்றால் ஊரில் யாரைக் கேட்டாலும் என்னைக் காட்டுவார்கள்.

அந்த வருஷம் மார்கழிப் பனி கொஞ்சம் கூடுதல். காலையில் என் ஒலிபெருக்கிக் குழாய்க்குள் உழக்குப் பனி தேங்கி நிற்கும். அதைக் கொட்டினால்தான் பாட்டு வெளியே வரும். ஆட்சி மாறிய புதிது, தினமும் கூட்டம். எல்லாக் கட்சிக்கும் அதே மைக்கைத்தான் கட்டினேன். குழாய்க்கு ஏது கொள்கை.

என் ஒரே மகன் தியாகேசன் பட்டாளத்தில் இருந்து, விமானம் ஓட்டப் படித்து, வயலுக்குப் பூச்சிமருந்து தெளிக்கும் சின்ன விமானத்தோடு ஊருக்கே வேலைக்கு வந்தான். அப்போது கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுப் போராட்டம். மிராசுதார் வயலை விட்டு ஏறமாட்டோம் என்று பெண்கள் பயிருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஆள் இருந்தாலும் மருந்தடிக்கச் சொல்வேன் என்றார் மிராசுதார். முன்வரிசையில் இருந்தவள் என் மனைவி கண்ணாத்தாள்.

"ஏறி வாடி. அடிக்கப்போறது உம் மவன்தான்."

"நல்லதாப் போச்சுங்க. சீயக்காய்க்குப் பதிலா மருந்து வச்சு முழுக்காட்டட்டும். பெத்தவளுக்குச் செய்யவேண்டாமா?"

மகனிடம் போனேன். "அம்மாவைத் தூக்கிட்டு வந்துடுங்கப்பா," என்றான். "நீ தூக்கிப் பாரேன்," என்றேன். சிரித்தான். அடிக்கமாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.

ஆகவே நியாயமாக யோசித்தேன். தஞ்சாவூர்ப் பக்கம் ராணுவத்துக்கென்று ஒதுக்கிய வானம் இருக்கிறது, கேட்காமல் நுழைந்தால் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று அவனே சொல்லியிருக்கிறான். பிடித்து வைத்தால் அவனும் பழிக்குத் தப்புவான், அவளும் பிழைப்பாள். பழைய ஒலிபெருக்கி ஒன்றைப் பிரித்துக் காந்தத்தை எடுத்தேன். இட்லிப் பொட்டலம் கொடுக்கிற சாக்கில் விமானத்தில் ஏறி, அவன் முகம் கழுவப் போயிருந்தபோது, திசைகாட்டிக்கு அடியில், மேற்குப் பக்கமாக வைத்துக் கட்டினேன். முள் மேற்கே சாய்ந்தது. மூக்கணாங்கயிறு இழுத்த பக்கம் மாடு போவதுபோல, முள் போன பக்கம் விமானமும் போகும் என்பது என் கணக்கு. தெற்கே இருக்கும் வயலுக்கு அந்த முள்ளை நம்பி ஓட்டுகிறவன் கிழக்கே போய்விடுவான் என்பது மைக்செட்காரனுக்கு எப்படித் தெரியும்.

வெயில் நாளாயிருந்தால் கோபுரத்தையும் ரயில் பாதையையும் பார்த்தே போயிருப்பான். பனியில் முள்தான் துணை. ரேடியோவில் யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். அது என்னிடம் ரிப்பேருக்கு வந்திருந்தது. பழுதை எப்போதோ சரிசெய்துவிட்டேன். "இன்னும் முடியலப்பா," என்று சொல்லிப் பாயில் சுற்றி வைத்திருந்தேன்.

விமானச் சத்தம் கிழக்கே போனது. வயலில் இருந்த கண்ணாத்தாள் அண்ணாந்து பார்த்து, "வழி தெரியாம ஓட்டுறான் பாரு, அப்பன் புத்தி," என்றாளாம். பெண்கள் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள்.

தியாகேசன் கடலைத் தாண்டி இலங்கை வானத்துக்குள் புகுந்துவிட்டான். கேட்காமல் வந்த குற்றத்துக்கு அவனை ஒரு வாழைத்தோப்பில் இறக்கி, தேங்காய்ச் சம்பலோடு சோறு போட்டு, எங்கள் வயலுக்கும் அடித்துக்கொடு என்று வைத்துக்கொண்டார்கள். பெண்கூடப் பார்த்திருக்கிறார்கள். கண்ணாத்தாளிடமும் இதைத்தான் சொல்கிறேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

அன்றைக்கு விமானத் தொட்டியில் மருந்தே ஏற்றவில்லை, வெறும் தண்ணீரைத் தெளித்து அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லித்தான் ஏறினான் என்கிறார், தொட்டி நிரப்பும் இப்ராஹிம். அதை மட்டும் நம்பாதீர்கள் ஐயா.

கோடியக்கரையில் மீனவர் வலையில் வந்தான் தியாகேசன். கொள்ளி வைத்தது நான்.