ஆட்டுமயிர்க் கோணிகள்

ஈரக்காற்று வீசும் நாளில் பருத்தியை மூட்டை கட்டக் கூடாது, வழியிலேயே புழுங்கிவிடும். துருக்கியரின் ஸ்மிர்னா துறைமுகத்தில் பத்தொன்பது ஆண்டுகள் எங்கள் குடியரசின் வணிகத் தூதராக இருந்தவன் சொல்கிறேன். இதையும் உங்கள் விசாரணை ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

ஹூக்லாண்டைப் பற்றிக் கேட்டீர்கள். டச்சுக்காரர்களின் தூதர். நல்ல மனிதர். ஞாயிறுதோறும் என் வீட்டில்தான் சாப்பாடு. அந்த ஆண்டு மலைநாட்டுப் பருத்தி முழுவதையும் காய் வெடிக்கும் முன்பே பேசி முடித்துவிட்டார். எங்கள் கப்பல்கள் மூன்று வெறும் வயிற்றோடு துறையில் ஆடிக்கொண்டிருந்தன. ஊரிலிருந்து கடிதம்மேல் கடிதம்: தறிகள் நின்றுவிட்டன. நெசவாளர்களுக்கும் பிள்ளைகுட்டிகள் உண்டு. அதை மறந்துவிட்டு என்னைப் பற்றி முடிவு செய்யாதீர்கள்.

அப்போது ஆர்மீனியத் தெருவில் ஒரு வீட்டில் ஏழு பேர் செத்தார்கள். எல்லோருக்கும் அக்குளில் கட்டி. என் மொழிபெயர்ப்பாளர் அவேதிஸ் வந்து சொன்னார். கொள்ளைநோய் என்று வெளியே பேச வேண்டாம் என்றேன். ஊர் கலங்கிவிடும் அல்லவா.

அந்த வாரமே ஹூக்லாண்ட் வந்தார்.

"ஓய் சரீனி, எனக்குக் கோணி பத்தல. இருந்தா குடும். உம்ம கப்பல்தான் சும்மா காத்து வாங்கிட்டுக் கெடக்கே!"

"நாளைக்கே அனுப்புறேன்," என்றேன்.

கிடங்கில் புதுக் கோணிகள் இருந்தன. நான் ஆர்மீனியத் தெரு வீட்டிலிருந்து எடுக்கச் சொன்னேன். அந்த ஏழு பேரும் கடைசியாகப் படுத்துக்கிடந்த ஆட்டுமயிர்க் கோணிகள். ஏற்றிப்போன வண்டிக்காரன் பிறகு இறந்துவிட்டதாகக் கேள்வி.

நோய் ஏறிய ஒரு கப்பல் போதும். டச்சுக் கொடியைக் கண்டாலே துறைமுகங்கள் கதவைச் சாத்தும். மாலுமிகள் சிலர் சாவார்கள். கடலில் போகிறவர்கள் எப்படியும் சாகிறவர்கள்தான்.

டச்சுக் கப்பல் புறப்படும் நாளில் படகுத்துறையில் ஹூக்லாண்டின் மனைவி மார்கிரீத்தும் இரண்டு மகள்களும் பெட்டிகளோடு நின்றார்கள். அவர்களும் அதில் போகிறார்கள் என்று எனக்கு முன்பே தெரியாது. ஹூக்லாண்ட் என்னை ஓரமாக அழைத்தார்.

"ஊருக்குள்ள ஏதோ காய்ச்சல்னு பேச்சு அடிபடுது. இவங்கள இங்க வச்சிருக்கப் பயமா இருக்கு. அனுப்பிட்டா நிம்மதி. நீர் என்ன சொல்றீர்?"

சின்னவள் என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஐந்து வயது.

"அதுதான் நல்லது," என்றேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாரே.

மால்டா அருகே அந்தக் கப்பல் திக்கற்று மிதந்ததாம். நாற்பத்தாறு பேரில் நான்கு மாலுமிகள் மட்டும் உயிரோடு இருந்தார்கள். மிச்சப் பருத்தி எங்களிடம் வந்தது. தறிகள் ஓடின. குடியரசு எனக்குத் தங்கச் சங்கிலி அணிவித்தது. அன்று யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

அவேதிஸ் உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை. கோணிகளை அனுப்பியது நான். தெரிந்தேதான் அனுப்பினேன்.

ஒன்றை மட்டும் அவர் சொல்லியிருக்க மாட்டார். சாவுச் செய்தி வந்த அன்று ஹூக்லாண்ட் நேராக என்னிடம்தான் வந்தார். என் தோளில் சாய்ந்து அழுதார். ஒன்பது நாள் அவரைத் தனியே விடவில்லை. என் கையாலேயே கஞ்சி ஊட்டினேன். அந்த ஊரில் அவருக்கு என்னை விட்டால் வேறு யார் இருந்தார்கள், சொல்லுங்கள்.