சிவப்பு நூல் கட்டிய களை

உங்கள் ஜன்னலோரம் இருக்கிற அந்தத் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் அதிகமாகிவிட்டது. இலை மஞ்சளடித்ததைப் பார்த்து, தாகம் போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றுகிறீர்கள், சரியா? எல்லோரும் செய்வதுதான். நான்கு நாள் சும்மா விடுங்கள், தானே தேறிவிடும். விசாரணைக்கு வந்தவள் அதிகாரிக்கே புத்தி சொல்கிறாளே என்று முறைக்க வேண்டாம். இருபத்திரண்டு வருடம் செடிகளோடு இருந்தவள் நான், பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வராது.

நீங்கள் கேட்டதைச் சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை. நேற்றே கேட்டிருந்தால் நேற்றே சொல்லியிருப்பேன்.

நான் வேலை பார்ப்பது விதை ஆராய்ச்சிக் கூடத்தில். களை மருந்து அடித்தாலும் சாகாத கடுகு எங்களுடையதுதான். மண்ணில் இருக்கும் ஒரு நுண்ணுயிரிடமிருந்து ஒரு மரபணுவை எடுத்துக் கடுகுக்குள் வைத்தோம். வயல் முழுக்க மருந்தடித்தால் களையெல்லாம் கருகிவிடும், கடுகு மட்டும் எனக்கென்ன என்று நிற்கும். பரிசு வாங்கியது எங்கள் தலைவர். மேடையில் பேசியதும் அவர்தான். என் வேலை பசுமைக்குடிலுக்குள். நாற்றுத் தட்டுகளுக்கு மருந்தடிப்பேன். பத்து நாள் கழித்து எது பிழைத்தது என்று எண்ணுவேன். பிழைத்ததில் நல்லதாகப் பார்த்துத் தண்டில் கலர் நூல் கட்டுவேன். பூ வந்ததும் அதன் மகரந்தத்தைச் சின்ன பிரஷ்ஷால் தொட்டு அடுத்த பூவில் வைப்பேன். நகத்துக்குச் சாயம் பூசுகிற மாதிரிதான், கை நடுங்கக் கூடாது.

இனி அக்கா. அவளைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரத்தில் அக்காவும் அத்தானும் கடுகு விவசாயம் செய்கிறார்கள். அவர்களுக்கு அந்த வயலை விட்டால் வேறு கதி இல்லை. அக்காவுக்கு எதுவும் பளிச்சென்று இருக்க வேண்டும். கரண்டிகளைக்கூட உயர வரிசையில் மாட்டி வைப்பவள். என் வீட்டுக்கு வந்தால் மேசையை ஒரு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ஏண்டி, இதுல நாலு விதை போட்டா முளைச்சிரும் போலிருக்கே" என்பாள். தனி ஆளுக்கு எதற்கு இத்தனை தட்டு என்றும் கேட்பாள். நான் சிரித்துக்கொள்வேன்.

ஆனால் களை எடுக்கிற பருவம் வந்துவிட்டால் அவளுக்கு நான் வேண்டும். கூலிக்கு ஆள் கிடைக்காது, அத்தானுக்குக் குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஞாயிறு தவறாமல் போவேன். நானும் அவளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து களை பறிப்போம். நின்றால் என்னை அதட்டுகிற அக்கா, உட்கார்ந்துவிட்டால் வேறு ஆள். சின்ன வயதுக் கதை, அத்தானின் குறட்டை, பக்கத்து வயல்காரியின் மூக்கு, எல்லாம் வரும். வருடத்துக்கு எட்டு ஞாயிறு. மீதி நாற்பத்து நாலு ஞாயிறும் அந்த எட்டை வைத்துத்தான் எனக்கு ஓடியது.

பிறகு எங்கள் விதை கடைக்கு வந்தது. முதல் மூட்டையை நானே பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பருவம் அத்தான் ஒரே காலையில் மருந்தடித்து முடித்துவிட்டார். வயல் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. அக்கா போன் செய்தாள்.

"இனிமே நீ கஷ்டப்பட்டு வர வேண்டாம்டி. ஞாயித்துக்கிழமை நிம்மதியாத் தூங்கு. ஒங்க மருந்தே எல்லாத்தையும் பாத்துக்குது."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். நானும் தூங்கித்தான் பார்த்தேன், அந்த வருடமும் அடுத்த வருடமும். ஒரு ஞாயிறு எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. மேசையில் குடும்பப் படம் வைத்திருக்கிறீர்கள்.

வேலியோரம் தானாக முளைக்கிற காட்டுக் கடுகு, நம் கடுகுக்குத் தூரத்து உறவு. ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றில் வைத்தால் எப்போதாவது ஒட்டும். அப்படி ஒட்டினால் மருந்துக்குச் சாகாத குணம் களைக்கும் போய்விடும். அது நடக்காமல் பார்த்துக்கொள்ள எங்கள் கூடத்தில் பக்கம் பக்கமாக விதிமுறை உண்டு. அதில் பாதியை எழுதியவள் நான். ஆகவே எங்கே ஓட்டை என்பது எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். பசுமைக்குடிலின் கடைசி மேசையில் நான்கு தொட்டி காட்டுக் கடுகு வைத்தேன். தலைவர் ஒருநாள் நின்று பார்த்தார்.

"இது என்னம்மா?"

"ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு சார்."

ஒப்பிடுவது என்றால் அவருக்கு உயிர். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். மூன்று வருடம் பிடித்தது. கடைசியில் மருந்தடித்த இருநூறு நாற்றில் நூற்றுத் தொண்ணூறு நிமிர்ந்து நின்றன. தலைவருடைய கடுகே முதலில் அவ்வளவு தேறவில்லை. பரிசு கொடுக்கத்தான் யாரும் வரவில்லை.

விதைத்ததுதான் இதில் ரொம்பச் சுலபம். புது ஸ்ப்ரேயர் வாங்கியிருக்கிறோம், வந்து பார் என்று அத்தான் கூப்பிட்டிருந்தார். உழுது போட்டிருந்த வயலில் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தேன். பையில் ஓட்டை இருந்தது. நான் போட்ட ஓட்டைதான்.

"குளுருதாடி?" என்றாள் அக்கா.

எனக்குக் குளிர்ந்தால் அவள் இன்னும் கவனிக்கிறாளே என்று சந்தோஷமாக இருந்தது.

இரண்டு மாதத்தில் போன் வந்தது. "ஏண்டி, ஒங்க ஆளுங்க மருந்துல தண்ணி கலக்கறாங்களா? களை ஒண்ணும் சாக மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை வர்றியா?"

போனேன். அந்தப் பருவம் மாதிரி நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அக்காவுக்கு முட்டி வீங்கிவிட்டது, எனக்குக் கையெல்லாம் கொப்புளம். ஒருநாள் பறிப்பதை நிறுத்திவிட்டு அவள் சொன்னாள், "நீ படிச்ச, வேலைக்குப் போன. எனக்கு என்னடி இருக்கு? இந்த வயல் சுத்தமா இருக்குங்கறது ஒண்ணுதான் பெருமையா இருந்துது. அதுவும் போச்சு." சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். அவளாக எழுந்திருக்கும் வரை அந்தத் தோளை நான் அசைக்கவே இல்லை.

அத்தான் விஷயம் உங்கள் கேள்விகளில் இல்லை. நானாகவே சொல்கிறேன். இரண்டாம் வருடம் களை இரண்டு மடங்கானது. அத்தான் என்னைக் குழாயடிக்குத் தனியாகக் கூட்டிப்போனார். "ஒனக்குத் தெரியாததா. மருந்தை மூணு பங்கு கூட்டி அடிச்சா சாகுமா?" என்றார். பத்து பங்கு அடித்தாலும் சாகாது. நானே அடித்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதைச் சொன்னால், ஒனக்கு எப்படித் தெரியும் என்பார். அவர் குடைந்து குடைந்து கேட்கிற ஆள். அதனால், "அடிச்சுப் பாருங்க அத்தான்" என்றேன். காற்றுக்கு எதிரே நின்றுகொண்டு மூன்று நாள் அடித்தார். முகத்தையாவது மூடிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. நான்காம் நாள் மூச்சு இழுத்துக்கொண்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இப்போது மூக்கில் குழாயோடு வீட்டு ஜன்னலருகே உட்கார்ந்திருக்கிறார், நான்கு படி ஏற முடியவில்லை. தங்கமான மனிதர். அவர் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டுமே என்று நான் சனிக்கிழமையும் போக ஆரம்பித்தேன்.

வாய்க்கால் தண்ணீரில் விதை இறங்கி நாற்பது வயலுக்குப் பரவியது என்கிறீர்கள். முப்பத்தேழு. நான் நடந்தே எண்ணினேன், திருத்திக்கொள்ளுங்கள். ஆறு குடும்பம் நிலத்தை விட்டுவிட்டுப் போய்விட்டது உண்மைதான். பக்கத்து வயல்காரியும் போய்விட்டாள். அவள் மூக்கைப் பற்றிப் பேச முடியாமல் எங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

மாட்டிக்கொண்டது என் பழக்க தோஷத்தால். இந்தப் பருவத்தின் நடுவில் அக்கா சொன்னாள், "வேற மருந்து ஒண்ணு வந்திருக்காம், அதுக்குத் தாங்கற விதையும் கெடைக்குதாம். அடுத்த வருஷம் மாத்திடப் போறேன். இதுலயும் தேறலேன்னா நெலத்தை விட்டுற வேண்டியதுதான். நீ பட்ட பாடு போதும்டி, இனிமே வர வேண்டாம்." மறுபடியும் அதே பேச்சு. புது மருந்துக்கும் சாகாத களை வேண்டும் என்றால் கூடத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்கு நல்ல தாய்ச் செடி வேண்டும். அக்கா தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் வயலில் திடமாக இருந்த பதினோரு களையைத் தேர்ந்தெடுத்தேன். தேர்ந்தெடுத்தால் நூல் கட்டியாக வேண்டும், கை கேட்காது. கலர் நூல் கொண்டுபோகவில்லை. போட்டிருந்த ஸ்வெட்டரின் கை பிரிந்து தொங்கியது, அதிலிருந்து இழுத்துக் கட்டினேன். சிவப்புக் கம்பளி, தூரத்திலிருந்தே தெரியும். விதை முற்றியதும் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அது அக்கா பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர். பதினெட்டு வருடமாகிறது. ஒரு தூசியைக்கூட விடாத கண்ணுக்கு அது தப்புமா?

புதன்கிழமை போன் செய்தாள். "அந்தச் செவப்பு ஸ்வெட்டர் இன்னும் வச்சிருக்கியாடி?"

"வச்சிருக்கேன்க்கா. கைதான் கொஞ்சம் பிரிஞ்சிருக்கு."

அவள் போனை வைத்துவிட்டாள். மறுநாள் நீங்கள் கூடத்துக்கு வந்து என் மேசை எங்கே என்று கேட்டீர்கள்.

அவ்வளவுதான். நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன், யாரும் தூண்டவில்லை. அக்கா மேல் எனக்குப் பொறாமை என்று நீங்கள் எழுதி வைத்திருப்பதை மட்டும் அடித்துவிடுங்கள். அவளுக்கு ஒரு துணை வேண்டும், வாய்விட்டுக் கேட்க வராது. அவளுக்காகச் செய்ததுதான் எல்லாம்.

வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருப்பது கண்ணாடி வழியாகத் தெரிகிறது. புகாரில் கையெழுத்துப் போட வந்திருக்கிறாள் என்கிறீர்கள். கையெழுத்துப் போட எவ்வளவு நேரமாகும், இரண்டு நிமிடம். அவள் வந்து ஒன்றரை மணி நேரமாகிறது. சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் நான்தான் அவளுக்காகக் காத்துக்கொண்டிருப்பேன், அவள் தோழிகளோடு பேசிவிட்டு ஆடி அசைந்து வருவாள். அவள் எனக்காகக் காத்திருந்து நான் பார்த்ததே இல்லை. இந்தப் பக்கம் ஒருதடவைகூடத் திரும்பவில்லை, கோபம் இருக்கத்தானே செய்யும். வீட்டுக்குப் போகிற வழியில் சரியாகிவிடும். கொஞ்சம் சீக்கிரம் முடித்துக் கொடுங்கள், அவளுக்கு முட்டி வலி, ரொம்ப நேரம் அப்படி உட்கார முடியாது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு.