கழலாத மோதிரம்

மேலே எழுதியுள்ள பெயரும் முகவரியும் என்னுடையவைதான். வயது முப்பத்தாறு. பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். நானும் இறந்துபோன என் கணவரும் மலைப்பாதைகளில் நெடுந்தூரம் ஓடும் பந்தய வீரர்கள், இருவரும் பதக்கம் வாங்கியவர்கள். என் கணவரின் அண்ணன் கொடுத்த புகாரின் மேல் என்னை விசாரிக்க, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொல்வதாவது.

அடுத்த மாதம் நடக்கவிருந்த நூறு மைல் பந்தயத்துக்கு என் கணவர் தயாராகிக்கொண்டிருந்தார். எனக்கு முழங்கால் சரியில்லாததால் இந்த ஆண்டு நான் ஓடவில்லை, அவருக்குத் துணையாளாக இருந்தேன். துணையாள் என்பவர் ஓடுகிறவர் வந்து சேரும் இடத்தில் காருடன் காத்திருந்து, தண்ணீரும் சாப்பாடும் கொடுத்து, ஈரக் காலுறையை மாற்றிவிட்டு, மறுபடி ஓட அனுப்புகிறவர். இதில் அனுப்புவதுதான் பெரிய வேலை. இவ்வளவு தூரம் ஓடும் எவரும் ஒரு கட்டத்தில் நிறுத்திவிடுகிறேன் என்று கெஞ்சுவார்கள், அழுவார்கள், வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் அது தெளிந்துவிடும். அதனால் அதைக் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் உள்ள வழக்கம். உட்காரவும் விடமாட்டோம், உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. காரைப் பூட்டியே வைப்போம்.

ஆனால் நிஜமாகவே முடியாமல் போனால் என்ன செய்வது என்பதற்கு நாங்கள் இருவரும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். ஓடுகிறவர் தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றித் துணையாள் கையில் கொடுத்துவிட வேண்டும். தொப்பியும் புட்டியும் ஒவ்வொரு சுற்றிலும் கைமாறும், மோதிரம் அப்படி மாறாது. கைக்கு வந்ததும் துணையாள் "வாங்க, போலாம்" என்று மட்டும் சொல்லிக் காரைத் திறக்க வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. மோதிரம் கைக்கு வராதவரை என்ன சொன்னாலும் ஓடத்தான் வேண்டும். சென்ற ஆண்டுப் பந்தயத்தில் நான் இவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது இவர் மோதிரத்தைக் கேட்டார். நான் அதை விரலில் திருகிக்கொண்டே நின்றேன், கொடுக்க மனம் வரவில்லை. ஓடி இரண்டாவதாக வந்தேன். அன்று இவரைக் கட்டிக்கொண்டு நான் நன்றி சொன்னபோது பக்கத்தில் நின்று கைதட்டியவர்தான் இப்போது புகார் கொடுத்திருக்கும் அண்ணன்.

சம்பவ தினம் பந்தயத்துக்கு முந்தைய கடைசி நீண்ட ஓட்டம். நீர்த்தேக்கத்துக்குப் பின்னால் மலையேறி, சுற்றி இறங்கி, வனத்துறை வாயிலுக்கு வரும் பாதை. அதையே திரும்பத் திரும்ப ஓட வேண்டும். நான் வாயிலில் காரை நிறுத்தியிருந்தேன். வனத்துறைக் காவலர் அங்கேயே இருந்தார். அன்று வெயில் கடுமை. சென்ற ஆண்டு வேறொரு பந்தயத்தில் தண்ணீர் போதாமல் தசை பிடித்துப் பாதியில் விழுந்தவர் இவர் என்பதால், இம்முறை தாகத்துக்குக் காத்திராமல் குடிக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தோம். உப்பு மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று வேண்டாமென்றார். நானும் விட்டுவிட்டேன். தண்ணீர் யாரை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

முதல் சுற்றுகளில் நன்றாக இருந்தார். அவர் என்னைக் கங்காணி என்றுதான் கேலி செய்வார். "கங்காணியம்மா, ஒரு நாற்காலி கெடைக்குமா?" என்று கேட்டார். ஓடி முடித்தால் சோபாவே தருகிறேன் என்றேன். அதன் பிறகு வந்த சுற்றில் தலை வலிக்கிறது என்று சொல்லி, வேலி ஓரமாக வாந்தி எடுத்தார். தண்ணீர் குறைந்துவிட்டது என்று நினைத்து நான் ஒரு புட்டி முழுவதையும் நின்று குடிக்க வைத்தேன். விரல்கள் தடித்திருந்ததைப் பார்த்தேன். வெயிலில் கையைத் தொங்கவிட்டு ஓடினால் எங்களுக்கு விரல் வீங்குவது சகஜம் என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த சுற்றில் அவர் தள்ளாடி இறங்கி வந்து, நேரே காருக்குப் போய்க் கதவை இழுத்தார். "போதும்மா. வீட்டுக்குப் போலாம்" என்றார். நான் வழக்கப்படி கையை நீட்டி மோதிரத்தைக் கேட்டேன். அவர் மோதிரத்தைப் பிடித்து இழுத்தார். எச்சில் தொட்டுத் திருகினார். பிறகு அதையே பார்த்துக்கொண்டு நின்றார், என்னையும் பார்த்தார். நானும் சென்ற ஆண்டு அப்படித்தான் திருகிக்கொண்டு நின்றேன் என்பதால் எனக்குச் சிரிப்பு வந்தது. "குடுக்க மனசு வரலைல்ல? அப்ப உங்களால முடியும். போங்க" என்று சொல்லி, நிரப்பிய புட்டியைக் கையில் திணித்தேன். அவர் திரும்பி மலைப்பாதையில் ஏறினார்.

வர வேண்டிய நேரத்தில் வராததால் நான் காவலரைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். இரண்டாவது வளைவில் பாறையில் சாய்ந்து கிடந்தார். வலிப்பு வந்து ஓய்ந்திருந்தது. வலது கை இடது கை மோதிரத்தைப் பிடித்தபடியே இருந்தது. இருவரும் தூக்கி வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். இவர் எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று மருத்துவர் கேட்டதற்கு, ஒரு குறையும் வைக்கவில்லை என்று பெருமையாகச் சொன்னேன். அளவுக்கு மீறிக் குடித்ததில் இரத்தத்தில் உப்பு இறங்கி மூளை வீங்கிவிட்டது, விரல் வீக்கமும் வாந்தியும் புத்தி தடுமாறுவதும் அதன் அறிகுறிகள் என்று அவர் விளக்கினார். அப்போதே நிறுத்தியிருந்தால் என்று நான் கேட்டேன். "பொழச்சிருப்பாரும்மா" என்றார். மறுநாள் மாலை என் கணவர் கண் திறக்காமலே இறந்துபோனார்.

தாங்கள் கேட்டதற்குச் சொல்கிறேன். காரைப் பூட்டியது நான்தான். அவர் கெஞ்சியபோது நான் சிரித்ததாகக் காவலர் சொன்னது உண்மை. மாட்டை விரட்டுவதுபோல் தம்பியை விரட்டினாள் என்று அண்ணன் சொல்வதை நான் மறுக்கவில்லை. என் கணவரை நான் மிகவும் நேசித்தேன். அதனால் ஆகப்போவது ஒன்றும் இல்லை என்பதும் தெரியும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கை இன்னும் வீங்கிக்கொண்டே போனதால், செவிலியர் சின்ன வெட்டுக் கருவியால் மோதிரத்தை அறுத்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நான் "வாங்க, போலாம்" என்று சொன்னேன். செவிலியர் தன்னைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து, எங்கே என்று கேட்டார்.

அறுத்த மோதிரத்தை இத்துடன் ஒப்படைக்கிறேன். இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, சேர்க்கவோ நீக்கவோ எதுவும் இல்லை.

(ஒப்பம்)
இறந்தவரின் மனைவி