சக்கரத்தின் சுற்றளவு

அளப்பதற்கு முன்னால் சைக்கிள் டயரில் காற்றடித்துவிட வேண்டும், இன்ஸ்பெக்டர் சார். காற்று குறைந்திருந்தால் சக்கரத்தின் சுற்றளவும் கொஞ்சம் குறைந்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியாது. என் மகள் ஃபானிதான் சொன்னாள்.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் வைத்துத்தான் அளந்தோம். டயரின் வால்வு தரையைப் பார்க்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். பிறகு ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் ஹேண்டில்பாரைப் பிடித்து மெதுவாக நகர்த்தினேன்.

"ஒரே சுத்துதாம்மா. வால்வு மறுபடி கீழ வந்ததும் நிறுத்திடு."

அங்கே இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் 2105 மில்லிமீட்டர். அந்த எண்ணை ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த சின்ன மீட்டரில் ஏற்றினாள். சக்கரம் ஒருமுறை சுற்றினால் இவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டு அது வேகத்தைக் காட்டும்.

பிரான்சில் ஒரு சைக்கிள் கிளப் அவளைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. ஒரு மணி நேரத்தில் முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டி, மீட்டரைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். எங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. தடுக்க விசாகூடக் கிடையாது. அவள் அப்பா ஜில்பேரும் அப்படித்தான் போனார். முதலில் வாரம் ஒரு போன். பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒன்று. பிறகு அதுவும் இல்லை. நான் யாரையும் குறை சொல்லவில்லை.

அவள் குளிக்கப் போயிருந்தபோது 2105-ஐ 1895 ஆக்கினேன். பொத்தானை அழுத்தினால் மாறிவிடுகிறது. இனி மீட்டர் பத்தில் ஒரு பங்கு குறைத்துக் காட்டும். அலுத்துப்போய் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் விடவில்லை. ஈசிஆரில் ஓட்டிவிட்டு வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுவாள்.

"இருபத்தொம்பதுதாம்மா வருது. எனக்குத் தெம்பே இல்ல போலருக்கு."

அன்று உண்மையில் முப்பத்திரண்டைத் தாண்டியிருந்தாள். "போதும் விடுடி, எதுக்கு இந்தப் பாடு," என்று அவள் கால்களுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். எடை குறைய வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைத்தாள். ஓட்டிவிட்டு வந்து வாந்தி எடுத்தாள். மோர் கரைத்துக் கொடுத்தேன். எண்ணைத் திருத்த எனக்கு வேண்டிய மட்டும் நேரம் இருந்தது. மீட்டர் சாப்பாட்டு மேசைமேல்தான் கிடக்கும்.

ஒருநாள் உள்ளே ஓடிவந்தாள். "முப்பத்தொன்னரை வந்துட்டேம்மா! நாளைக்கு அடிச்சிடுவேன் பாரு."

முப்பத்தொன்றரை என்றால் முப்பத்தைந்து. என் மகள் இவ்வளவு கெட்டிக்காரியா என்று பெருமையாக இருந்தது. அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி விலகிப் போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலாப்பட்டுக்குப் பக்கத்தில், நின்றிருந்த லாரியின் பின்னால் போய் மோதினாள். பிரேக் பிடித்த அடையாளமே இல்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். குனிந்து மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தாளாம், டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார்.

லாரி டிரைவர் சக்கரபாணியை விட்டுவிடுங்கள். அவர் ஓரமாகத்தான் நிறுத்தியிருந்தார். ஃபானியைக் கொன்றது அவள் அம்மா மர்த் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றுதான் கேட்கிறேன். கல்லறை எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். தினமும் சாயங்காலம் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கே அடைத்தாலும் அந்த நேரத்துக்கு மட்டும் என்னை அனுப்பிவிடுங்கள். நான் வராவிட்டால் பிள்ளை தேடும்.