முத்து மாத்திரை

நீரஜா: டாக்டர் கேட்டப்போ ஏன் அப்படித் திருதிருன்னு முழிச்சேள்?

சுப்பராமன்: நானா? நான் எங்கே முழிச்சேன்?

நீரஜா: "குழந்தைக்கு வேற மருந்து, டானிக் ஏதாவது கொடுக்கறீங்களா"ன்னு கேட்டா. நீங்க சுவத்துக் காலண்டரைப் பார்த்தேள்.

சுப்பராமன்: எழுபத்திமூணு பொறந்து மாசி வந்தாச்சு. இன்னும் போன வருஷத்துக் காலண்டரை மாட்டி வச்சிருக்காளேன்னு...

நீரஜா: பேச்சை மாத்தாதேங்கோ.

சுப்பராமன்: நீதான் முந்திண்டு "ஒண்ணுமில்லை டாக்டர்"னுட்டியே. அப்புறம் நான் என்ன சொல்றது?

நீரஜா: ஒண்ணுமில்லைதானே?

சுப்பராமன்: ...ஆமாம்.

நீரஜா: ஏன் இழுக்கறேள்?

சுப்பராமன்: இழுக்கலைடி. மத்தியானம் சாப்பிட்டது இன்னும் நெஞ்சுலயே நிக்கறது. உன் லேகியம் ஒரு உருண்டை இருந்தாத் தேவலை. டைஃபாய்டுல படுத்து எழுந்ததுலேர்ந்து அது இல்லேன்னா எனக்கு ஒண்ணும் செரிக்கறதில்லை.

நீரஜா: இப்போ லேகியம்தான் கேடு. ஜானு உள்ளே தனியா இருக்கா. கண்ணுல ஏதோ சொட்டு விட்டாளே நர்ஸ்... அழறாளோ என்னமோ.

சுப்பராமன்: அழ மாட்டா.

நீரஜா: அழத் தெம்பிருந்தாத்தானே! ஏழு வயசுக் குழந்தைக்குத் தலைவலியாம். எந்த ஆத்துலயாவது கேட்டிருக்கேளா? காலம்பற எழுந்தா வாந்தி. தலை வாரினா கொத்துக் கொத்தா முடி...

சுப்பராமன்: எனக்கும்தான் கொட்டறது.

நீரஜா: உங்களுக்கு வயசாறது. அவளுக்குமா? பல் தேச்சா ஈறுல ரத்தம். கால் வலிக்கறதும்மான்னு ராத்திரியெல்லாம்...

சுப்பராமன்: மெதுவா. எல்லாரும் பார்க்கறா.

நீரஜா: பார்க்கட்டும். டாக்டர் போன்ல சொன்னது காதுல விழுந்ததா?

சுப்பராமன்: விழுந்தது.

நீரஜா: கட்டின்னா. தலைக்குள்ள கட்டியா இருக்கலாம்னு...

சுப்பராமன்: கேட்டேன்டி. பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்து, முதுகெலும்புல ஊசி குத்தி நீர் எடுத்து, தேவைப்பட்டா மண்டையைத் திறந்து...

நீரஜா: வாயை மூடுங்கோ! கபாலீஸ்வரா...

சுப்பராமன்: நீரஜா... ஒண்ணு சொல்லணும். திட்டாமக் கேப்பியா?

நீரஜா: நான் என்னிக்குத் திட்டியிருக்கேன்?

சுப்பராமன்: இன்னிக்குக் காலம்பற.

நீரஜா: சரி, திட்டலை. சொல்லுங்கோ.

சுப்பராமன்: இதைப் பாரு.

நீரஜா: என்ன இது, சட்டைப்பைக்குள்ள? மஞ்சளா, உருண்டையா, முத்து மாதிரி...

சுப்பராமன்: முத்து மாத்திரை. ஜானுவும் நானும் வச்ச பேரு. சைக்கிள்ல ஸ்கூலுக்குக் கொண்டு விடறச்சே கோபாலபுரம் முனையில நிறுத்துவேன். வாயைத் திறப்பா, போட்டுத் தண்ணி குடுப்பேன்.

நீரஜா: எதுக்கு?

சுப்பராமன்: ஆபீஸ் பியூன் வெள்ளைத்துரை இருக்கானே... "ஒம்ம பிள்ள ஈர்க்குச்சியால்லா இருக்கு சார், எங்க வீட்டு நாலும் இதத் தின்னுதான் வளந்துச்சு"ன்னான். பனகல் பார்க் பக்கம் ஒரு மருந்துக் கடையில வாங்கினேன்.

நீரஜா: உள்ளே என்ன?

சுப்பராமன்: எண்ணெய்.

நீரஜா: என்ன எண்ணெய்?

சுப்பராமன்: ...மீன்.

நீரஜா: மீனா!

சுப்பராமன்: சுறா மீனோட ஈரல்லேர்ந்து எடுக்கறதாம்...

நீரஜா: போறும்! சாஸ்திரிகள் பேத்தி வாயில சுறாவா?

சுப்பராமன்: அதான் உன்கிட்டே சொல்லலை. மீன் கூடை தெருவோட போனாலே நீ வாசல் கதவைச் சாத்தறவ.

நீரஜா: ...ஆமாம். சாத்துவேன்.

சுப்பராமன்: ஏன் அழறே? திட்டு, வாங்கிக்கறேன். அழாதே.

நீரஜா: எத்தனை கொடுப்பேள்?

சுப்பராமன்: முதல்ல ஒண்ணு. எடை ஏறலையேன்னு அப்புறம் ரெண்டு.

நீரஜா: எழுந்திருங்கோ. போய் டாக்டர்கிட்டே சொல்லுங்கோ. இப்பவே.

டாக்டர்: ரெண்டு பேரும் உள்ள வாங்க. ஜானு பக்கத்து ரூம்ல படுத்திருக்கா. கண்ணைப் பார்த்தேன். தலைக்குள்ள அழுத்தம் இருக்கறது நிச்சயம். ஆஸ்பத்திரியில இடம் கேட்டிருக்கேன், திரும்பக் கூப்பிடறேன்னாங்க.

சுப்பராமன்: டாக்டர்... நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். இதைக் கொடுத்துண்டிருந்தேன். தினம் ரெண்டு.

டாக்டர்: மீன் எண்ணெய் மாத்திரை! முதல்லயே கேட்டேனே சார்.

சுப்பராமன்: ஆத்துல இவளுக்குத் தெரியாது. எங்காத்துல இதெல்லாம்...

டாக்டர்: புரியுது. மத்தியானம் வந்த இன்னொரு குழந்தை வீட்டுலயும் இதே கதைதான்.

நீரஜா: சத்துதானே டாக்டர்? கூடினாக்கூடக் கெடுதலா?

டாக்டர்: வைட்டமின் பி, சி மாதிரி சத்து கூடினா பெரும்பாலும் சிறுநீரோட போயிடும். இது ஏயும் டியும். எண்ணெய்ல கரையற வகை. சுலபத்துல வெளிய போகாது, ஈரல்ல போய்ச் சேந்துக்கிட்டே இருக்கும். இந்த வகையில நாலு பேர். ஏ, டி, ஈ, கே. கோயில்ல பல்லக்குத் தூக்கறதைப் பாத்திருப்பீங்களே?

நீரஜா: வருஷா வருஷம் பார்க்கறோமே.

டாக்டர்: நாலு மூலைக்கு நாலு பேர் நிக்கறாங்க. அதுல ஒருத்தர் மட்டும் நெட்டையா வளந்துட்டா?

நீரஜா: சுவாமி சாஞ்சுடுவார்.

டாக்டர்: அதேதான். ரத்தம் உறையறதுக்கு கே வேணும். ஏ எக்கச்சக்கமா உள்ள போனா அந்த வேலை கெடும். ஈ கூடினாலும் அப்படித்தான். ஈறுல ரத்தம் வந்துதே, அதனாலயும் இருக்கலாம். எலும்புல டி பாக்கற வேலைக்கும் ஏ குறுக்க நிக்கும்.

சுப்பராமன்: அப்போ கே மாத்திரை ஒண்ணு கொடுத்துச் சரிக்கட்டிடலாமே?

டாக்டர்: ஒருத்தன் நெட்டையா இருக்கான்னு மத்த மூணு பேர் காலுலயும் கட்டை கட்டுவீங்களா சார்? சத்துக்குச் சத்து போட்டுச் சமன் பண்றேன்னு கிளம்பினா முடிவே கிடையாது. கூடினதை நிறுத்தணும், அவ்வளவுதான்.

சுப்பராமன்: நிறுத்தினா... தலைவலி?

டாக்டர்: இதனாலதான்னா இறங்கும். ஏ அதிகமானா மூளையைச் சுத்தி அழுத்தம் ஏறும். கட்டி இருந்தா கண்ணுல என்ன தெரியுமோ, அதே மாதிரி தெரியும்.

நீரஜா: அப்போ கட்டி இல்லையா டாக்டர்? இல்லைதானே?

டாக்டர்: அங்கதாம்மா இடிக்குது. இது சின்ன மாத்திரை. ரெண்டு கொடுத்ததே தப்புதான், ஆனா இவ்வளவு தூரம் வராது. வேற வழியிலயும் நிறையப் போயிருந்தா எனக்குக் கணக்குச் சரியாப் போகும். போகலைன்னா கட்டியான்னு பாக்காம விட முடியாது. குழந்தை முதுகுல ஊசி குத்தித்தான் ஆகணும்.

சுப்பராமன்: வேற ஒண்ணுமே இல்லையே... கீரை, கேரட் எல்லாம் நிறையப் பண்ணுவா.

டாக்டர்: கீரை, கேரட் தின்னு யாருக்கும் இப்படி ஆகாது. நீங்க சொல்லுங்கம்மா.

சுப்பராமன்: இவளை ஏன் டாக்டர் கேக்கறேள்? இவ கை மீன் பக்கமே போகாது. ஆசாரம்னா அவ்வளவு ஆசாரம். தப்பெல்லாம் என்னோடது.

நீரஜா: கொஞ்சம் சும்மா இருங்கோளேன்.

சுப்பராமன்: நான் உனக்குப் பரிஞ்சுண்டுதானே...

டாக்டர்: போன் அடிக்குது. ஆஸ்பத்திரியாத்தான் இருக்கும். குழந்தையை அனுப்பறேன்னு சொல்லிடட்டுமா?

நீரஜா: வேண்டாம்! எடுக்காதேங்கோ டாக்டர்!

சுப்பராமன்: என்னடி இது?

நீரஜா: ஏன்னா... ராத்திரி படுக்கப் போறச்சே ஜானு லேகியம் சாப்பிடறாளே...

சுப்பராமன்: ஆமாம், தீபாவளி லேகியம். சுக்கு, மிளகு, வெல்லம். அதுல என்ன வந்தது?

நீரஜா: ஐப்பசியில கிளறின லேகியம் மாசி வரைக்கும் தீரலையேன்னு என்னிக்காவது யோசிச்சேளா?

சுப்பராமன்: நீ மறுபடி மறுபடி கிளறினே. நல்லாத்தானே இருக்கு.

நீரஜா: நெய் விட்டுக் கிளறலை. கீழாத்து ஷகீலா வாங்கிண்டு வந்து கொடுத்தா. பாட்டில்ல... அதே எண்ணெய்தான்.

சுப்பராமன்: ...நீயா?

நீரஜா: நெய்க்குப் பதிலா அதை விட்டு, வாசனை வரப்படாதேன்னு சுக்கை ரெட்டிப்பாப் போட்டுக் கிளறுவேன். கிளறி முடிச்சுட்டுத் தலைக்குக் குளிப்பேன்.

சுப்பராமன்: அதான் வாரத்துக்கு ரெண்டு தலைக் குளியலா? நான் ஏதோ விரதம்னு...

டாக்டர்: எவ்வளவும்மா கொடுப்பீங்க?

நீரஜா: எலுமிச்சங்காய் அளவு. இன்னும் வேணும்பா. கொடுத்துடுவேன். சத்துதானேன்னு...

டாக்டர்: அப்பாடா! உங்களைத் திட்டறதா, கும்பிடறதா தெரியல. ரெண்டையும் இந்த வேளையோட நிறுத்துங்க. குத்தறதைத் தள்ளி வைக்கச் சொல்றேன். தினம் கூட்டிட்டு வாங்க, கண்ணைப் பாக்கணும். வாந்தி நிக்கலைன்னாலோ, பார்வை மங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி. ஆனா எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு.

நீரஜா: என் கையாலேயே என் குழந்தைக்கு...

சுப்பராமன்: உன் கையாலே மட்டுமா? ராத்திரி நீ, காலம்பற நான். ஒருத்தருக்கொருத்தர் பயந்துண்டு...

டாக்டர்: ஒரு நிமிஷம். அந்த லேகியத்தை வேற யாராவது சாப்பிட்டாங்களா?

சுப்பராமன்: வேற யாரு சாப்பிடப் போறா... இரு, இரு. நீரஜா, நான் தினம் சாப்பிட்டு முடிச்சு ஒரு உருண்டை...

நீரஜா: ஆமாம், தினம் ஒண்ணு.

சுப்பராமன்: என் ஜாடி வேறதானே? எனக்குத் தனியா நெய் லேகியம் உண்டோன்னோ?

நீரஜா: ஒரே ஜாடிதான்.

சுப்பராமன்: தெரிஞ்சேவாடி? மூணு வேளை சந்தி பண்றவனுக்கு!

நீரஜா: டைஃபாய்டுல கிடந்து எழுந்தப்போ நீங்களும்தானே ஈர்க்குச்சியா இருந்தேள்... முதல்ல உங்களுக்காகத்தான்னா கிளறினேன். ஜானு பங்கு கேட்டா.